வண்டியும் வழியும்: குறுகிய வளைவில் கியரும் கிளட்சும்

பிம்ப்ரியில் வாழும் வாசக அன்னையார் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பொறியியற் படிப்பை முடித்து, தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்து, தவணை முறையில் சிறிய கார் ஒன்றும் வாங்கிவிட்டான். இப்பொழுது அந்தக் காரையே 'ஆட்டோகிராஸ்' என்னும் போட்டியில் ஓட்டப் போகிறேன் என்கிறானாம். "அது என்ன விளையாட்டு? உயிருக்கு ஆபத்து உண்டா? தவணை தீரும் முன்னே வண்டி பாழாகிவிடுமா? அவன் அப்பா வேண்டாம் என்கிறார். நான் என்ன சொல்வது?" என்பவை அவர் கேட்டுள்ள கேள்விகள்.

இந்தப் பகுதியில் இதுவரை லைசென்ஸ் புதுப்பித்தல், மழைக்காலத்து மலைப்பாதை, ஊருக்குப் போகும் முன் வண்டியைச் சோதித்தல் போன்றவற்றையே எழுதி வந்தோம். பந்தயத்தைப் பற்றி எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. ரயில்வே அலுவலகத்தில் பார்சல் கணக்குகளோடு பொழுதைக் கழிக்கும் நமக்குப் பந்தய அனுபவமும் கிடையாது. ஆயினும் சென்ற குளிர்காலத்தில் இரண்டு போட்டிகளுக்குச் சென்று, விழுந்த கூம்புகளை எடுத்து நிறுத்தும் தொண்டராக வெயிலில் நாள் முழுதும் நின்றோம். ஓட்டியவர்களையும் மெக்கானிக்குகளையும் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்தினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே தருகிறோம்.

ஆட்டோகிராஸ் என்பது என்ன என்பதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரில் லைசென்ஸ் வாங்கப் போனால் 'எட்டுப் போட்டுக் காட்டு' என்பார்கள் அல்லவா? அந்த எட்டையே பத்து மடங்கு சிக்கலாக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு போடச் சொன்னால் அதுவே ஆட்டோகிராஸ். திறந்த மைதானத்திலோ தார் போட்ட பெரிய வெளியிலோ ரப்பர்க் கூம்புகளை நிறுத்தி வழி குறித்திருப்பார்கள். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பக்கத்தில் மோதுவதற்கு வேறு வண்டி இராது. கூம்பைத் தட்டினால் நேரத்தோடு சில வினாடிகள் தண்டமாகக் கூட்டப்படும். அமெரிக்கக் கழகம் ஒன்றின் விதிப்படி கூம்பு ஒன்றுக்கு 2 வினாடி. நம் நாட்டில் இப்போட்டிகள் பெரும்பாலும் மண் தரையில் நடைபெறுகின்றன. இங்கிலாந்திலோ புல்வெளியிலும் மண்ணிலும் சில கார்கள் ஒருங்கே ஓடும் போட்டிக்கும் இதே பெயர் வழங்குகிறது. நாம் இங்கே பேசுவது அதை அன்று.

ஓட்டம் முழுவதும் ஒரு நிமிடத்துக்கு முன்பின் முடிந்துவிடும். நேர்வழி மிகக் குறைவு. வளைவுகள் மிக அதிகம். ஆகவே, வேகமாக ஓடும் கார் எது என்பதைக் காட்டிலும், வளைவுக்குள் ஒழுங்காகப் புகுந்து ஒழுங்காக வெளிவரும் கார் எது என்பதே வெற்றியை முடிவு செய்கிறது. இந்த ஒழுங்கு பெரும்பாலும் ஓட்டுபவரின் இடது பாதத்தில் இருக்கிறது என்பதே நாம் அங்கே கண்ட முக்கியமான விஷயம்.

அதைச் சொல்லுமுன் டயரைப் பற்றி ஒரு வார்த்தை. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்குக் கொடுத்தது போக மிஞ்சியதே அரிசிக்கு. பிரேக் போடுவதற்குப் பிடிப்பு முழுவதையும் செலவிட்டுவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இராது. திரும்புவதற்கு முழுவதையும் செலவிட்டபின் இஞ்சினை முறுக்கினாலும், கிளட்சைத் திடீரென விட்டாலும், கடன் வாங்க வேண்டியதுதான்; டயரோ கடன் கொடுப்பதில்லை. வழுக்கிவிடும்.

இனி ஒரு சிறு கணக்கு. எட்டு மீட்டர் ஆரமுள்ள ஒரு குறுகிய வளைவை எடுத்துக்கொள்வோம். சாதாரண டயர் பூட்டிய கார், காய்ந்த தார் தரையில் அந்த வளைவை மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கடக்க இயலாது. மண் தரையாயின் 22 கிலோமீட்டரே அதிகம். இந்த வேகத்தில் எந்தக் கியர் உகந்தது? பெட்ரோலில் ஓடும் சிறு கார்களில் இரண்டாவது கியரில், இஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழன்றால் வண்டி சுமார் 13 அல்லது 14 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே 28 கிலோமீட்டரில் இஞ்சின் 2,000 சுற்றை ஒட்டி நிற்கிறது. முக்கி முனகும் நிலை அது. முதல் கியரிலோ அதே வேகத்தில் 3,700 சுற்றை எட்டும். இழுவை பிரமாதமாக இருக்கும். 'அப்படியானால் முதல் கியரே மேல்' என்று தோன்றும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

முதல் கியருக்கு இறங்க அரை வினாடி, மீண்டும் இரண்டாவதற்கு ஏற அரை வினாடி. பழகிய கைக்கே இக்கணக்கு. பழகாத கைக்கு இன்னும் கூடும். ஒரு நிமிட ஓட்டத்தில் இப்படி நான்கு வளைவுகளுக்கு இறங்கி ஏறினால் நான்கு வினாடி போயிற்று. இரண்டு கூம்பைத் தட்டியதற்குச் சமம்! ஆகையால் தேர்ந்தவர்கள் புறப்படுவதற்கு மட்டும் முதல் கியரைப் பயன்படுத்தி, உடனே இரண்டாவதற்குச் சென்று, பிறகு ஓட்டம் முடியும் வரையில் அங்கேயே குடியிருக்கிறார்கள். வளைவில் வேகத்தை வீணாக இழக்காமல் சற்றே அகலமாக உட்புகுந்து, இஞ்சின் சுற்று விழாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். கியரை மாற்றாமல் இருப்பதும் ஒரு கியர் வித்தை என்பதை அங்கேதான் கண்டோம்.

ஆனால் எல்லா வளைவுக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. நேரான ஓட்டத்தில் மூன்றாவது கியர் வரை போகும்படி வழி அமைத்திருந்தால் இறங்கத்தான் வேண்டும். வண்டி ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவில் முதல் கியரும் தேவைப்படலாம். அப்பொழுதுதான் கிளட்சின் விளையாட்டுத் தொடங்குகிறது.

அன்று நம் கண்முன்னே அடுத்தடுத்து இரண்டு கார்கள் ஓடின. இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிக் கார்கள். இரண்டிலும் முன்சக்கரங்களே வண்டியை இழுப்பவை. முதல் இளைஞர் மைதானத்தின் கோடியிலிருந்த குறுகிய வளைவை நோக்கிப் பாய்ந்து வந்தார். கடைசிக் கணத்தில் பிரேக்கையும் கிளட்சையும் ஒருசேர அழுத்தினார். கிளட்ச் கீழே இருக்கும்போதே சக்கரத்தை ஒடித்தார். வளைவின் நடுவில் இரண்டாவது கியரைப் போட்டு, காலை வெடுக்கென்று எடுத்தார். கார் ஒரு முறை தலையைக் குனிந்து கும்பிட்டது. பிறகு, ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் நமக்கென்ன என்பதுபோல் நேரே சென்று இரண்டு கூம்புகளைச் சாய்த்தது. ஓடிப்போய் அவற்றை நிறுத்தி வைத்தவர்களுள் நாமும் ஒருவர்.

அடுத்து வந்தவர் பார்வைக்கு மெதுவாக ஓட்டுபவர்போல் தோன்றினார். வளைவுக்குச் சற்று முன்னரே, வண்டி நேராக இருக்கும்போதே, அழுத்தமாகப் பிரேக் போட்டார். அந்தப் பிரேக்குக்கு உள்ளேயே கியர் இறங்கியது; இஞ்சின் ஒரு முறை 'உறும்' என்றது; கிளட்ச் மேலே வந்துவிட்டது. அதன் பிறகே அவர் கைகள் திரும்பின. வளைவு முழுவதும் இஞ்சினின் ஓசை அறுபடாமல் ஒரே சீராக ஒலித்தது. வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டியதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. பலகையில் நேரம் எழுதப்பட்டபோது, கூம்புத் தண்டத்தைச் சேர்க்காமலே முதல்வரைக் காட்டிலும் அவர் முந்தியிருந்தார்.

நம் அருகில், பல ஆண்டு டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் நின்றிருந்தார். முதல் இளைஞர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தபோது, "தம்பி, கால் வேலை முடிந்த பிறகுதான் கை வேலை. ரெண்டையும் சேர்த்துச் செய்தால் வண்டி யார் பேச்சைக் கேட்கும்?" என்றார். இளைஞர், "மாமா, கிளட்ச் மிதித்தால் வண்டி லேசாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறதே" என்றார். "லேசாகத் திரும்பவில்லை, உன்னை விட்டுப் போகிறது" என்றார் பெரியவர்.

இந்தச் சொல்லில் உள்ள இயந்திர நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்வோம். இஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே உராய்வுத் தட்டு ஒன்று இருக்கிறது. பெடலை மிதித்தால் அந்தத் தட்டு விடுபடுகிறது. இஞ்சின் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம் என்று உறவு அறுந்துபோகிறது. அப்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம்தான் வரும், இழுவை வராது. காலை எடுத்தாலோ இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையும் நடவாது. நூல் அறுந்த பட்டத்தின் நிலை அது. முன்சக்கர இழுவைக் காரில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் மூக்கு உள்ளே திரும்பும். சற்று அழுத்தினால் வெளியே போகும். இவ்வாறு வலது பாதத்தால் செய்யக்கூடிய திருத்தம் அத்தனையும், கிளட்ச் கீழே இருக்கும் வரையில் இல்லாமற் போகிறது.

கிளட்சை மீண்டும் விடும் கணம் இதனினும் பொல்லாதது. மூன்றாவது கியரில் இஞ்சின் 2,000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது என்போம். அதே வேகத்தில் இரண்டாவதற்கு இறங்கினால் அது சுமார் 3,000 சுற்றில் ஓடியாக வேண்டும். கிளட்ச் கீழே இருந்த நேரத்தில் இஞ்சினோ 1,000 சுற்றுக்குத் தணிந்துவிட்டது. காலை வெடுக்கென எடுத்தால் அந்தக் குறையை யார் நிரப்புவது? டயர்கள்தாம் இஞ்சினைப் பிடித்து இழுத்துச் சுழற்ற வேண்டும். அதாவது, நாம் கேளாமலே சக்கரங்களுக்குத் திடீர்ப் பிரேக் விழுகிறது. முன்சக்கர இழுவைக் காராயின் முன் டயர்களின் பிடிப்பு முழுவதும் அதற்கே செலவாகி, வண்டி திரும்ப மறுத்து நேரே போகிறது. பின்சக்கர இழுவையாயின் பின்புறம் பிடிப்பு விட்டு வண்டி பம்பரம்போல் சுழல்கிறது.

இந்தக் குறையை டயருக்குப் பதில் நாமே நிரப்பிவிடுவதுதான் அந்த 'உறும்' ஓசையின் இரகசியம். கியர் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் தட்டி இஞ்சினை 3,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டால், கிளட்ச் விடும்போது இரு பக்கமும் ஒரே வேகத்தில் சந்திக்கின்றன. வண்டி கும்பிடாது, குலுங்காது. ஆனால் வலது பாதம் பிரேக்கின் மீதல்லவா இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை எந்தக் காலால் தட்டுவது? பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, பாதத்தின் வலது ஓரத்தையோ குதிகாலையோ சாய்த்து ஆக்ஸிலரேட்டரைத் தட்ட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு வேலை. பரதம் பயிலும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது எளிதில் வரக்கூடும் என்பது நம் எண்ணம். செருப்பு அணிந்து ஒருக்காலும் முயலக் கூடாது. மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவே ஏற்றது. முதலில் இஞ்சினை நிறுத்திய நிலையில், வாசலில் நிற்கும் வண்டியில் அமர்ந்து கால் அசைவை மட்டும் பழகலாம். பிரேக்கின் அழுத்தம் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதே இதில் கடினம். அது கைவர மாதங்கள் ஆகும் என்றார்கள்.

அதுவரையில் என்ன செய்வது? கொஞ்சம் முன்னதாகவே பிரேக் போட்டு, வண்டி நேராக இருக்கும்போதே கியரை இறக்கி, கிளட்சை ஒரு முழு வினாடி எடுத்துக்கொண்டு மெல்ல மேலே விட்டு, பிறகு திரும்பினால் போதும். நேரத்தில் சற்று நட்டம் உண்டு. வளைவில் நட்டம் இல்லை. புதியவர் ஒருவர் இந்த ஒன்றை மட்டும் கைக்கொண்டாலே நடுத்தர இடம் பெற்றுவிடுவார் என்று நாம் துணிந்து சொல்வோம்.

பழைய கார்களில் இந்த அறிவு விருப்பத்தின் பாற்பட்டதாய் இருக்கவில்லை, கட்டாயமாய் இருந்தது. அம்பாசடரிலும் பியட் 1100-இலும் முதல் கியருக்கு 'சிங்க்ரோமெஷ்' என்னும் சமன்செய்யும் அமைப்புக் கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். தவறினால் பல்லோடு பல் உரசும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். நாம் மேலே சொன்ன டாக்ஸிப் பெரியவர் பத்மினியை ஓட்டி ஓட்டி இதைக் காலிலேயே எழுதி வைத்திருக்கிறார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் தலைமுறை மாறிற்று. கியர் வெண்ணெயில் கத்தி போல் விழத் தொடங்கியது. ஆனால் சிங்க்ரோமெஷ் பற்களுக்கு மட்டுமே துணை. கியர் ஓசையின்றி விழுந்துவிட்டது என்பதற்காக இஞ்சினும் சக்கரமும் சமாதானமாகிவிட்டன என்று பொருளல்ல. அந்தச் சமாதானத்தை இன்றும் பாதந்தான் செய்து வைக்க வேண்டும்.

அரைக் கிளட்சைப் பற்றியும் சொல்லிவிடுவோம். வளைவில் இஞ்சின் முனகும்போது கிளட்சைப் பாதி மிதித்து, இஞ்சினை உறுமவிட்டு இழுவை தேடுவோர் உண்டு. ஓரிரு முறை பலிக்கும். ஆனால் அந்த நேரத்தில் உராய்வுத் தட்டு தேய்ந்து சூடாகிறது. நான்காவது ஐந்தாவது ஓட்டத்தில் கருகிய வாடை மூக்கைத் துளைக்கும். தவணையில் வாங்கிய வண்டிக்கு இது வேண்டாத செலவு. புறப்படும்போது ஒரு கணம் அரைக் கிளட்ச் தவிர்க்க முடியாதது. அங்கே மட்டும் அதற்கு அனுமதி. மற்ற நேரத்தில் இடது பாதம் பெடலின் மேல் படுத்திராமல், பக்கத்துத் தரையில் ஊன்றி இருக்க வேண்டும். வளைவில் உடல் சாயாமல் தாங்கவும் அது உதவும்.

வளைவில் கிளட்ச் கீழே இருப்பது சரி என்று சொல்லத்தக்க இடம் நாம் அறிந்தவரை ஒன்றுதான். மண் தரையில், தன்னையே சுற்றித் திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவில், தேர்ந்தவர்கள் கிளட்சை மிதித்துக்கொண்டே ஹாண்ட் பிரேக்கைச் சுருக்கென்று இழுக்கிறார்கள். பின்சக்கரங்கள் பூட்டி, வண்டியின் வால் வீசித் திரும்புகிறது. உடனே ஹாண்ட் பிரேக்கை விட்டு, இஞ்சினை ஏற்றிக் கிளட்சை விடுகிறார்கள். புழுதி அடங்கும்போது கார் வந்த திசையையே நோக்கி நிற்கிறது! பார்க்க மிக அழகு. ஆனால் இது கடைசிப் பாடம். முதல் பாடம் அன்று. பொத்தானை அழுத்திப் போடும் ஹாண்ட் பிரேக் உள்ள புதிய கார்களில் இது நடவாது. பொதுச் சாலையில் எந்தக் காரிலும் செய்யத் தகாது.

கிளட்ச் பெடலே இல்லாத வண்டிகளைப் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து பிறகு பல கார்களுக்குப் பரவிய ஏ.எம்.டி. அமைப்பில், கிளட்சை இயந்திரமே இயக்குகிறது. வளைவின் நடுவே அது தன்னிச்சையாகக் கியர் மாற்றாதபடி, கையால் மாற்றும் நிலையில் வைத்து இரண்டாவதிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் மைதானத்து விஷயம். போட்டியின் பக்கமே போகாத நம் குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு, காத்ரஜ் சுரங்கப் பாதையைத் தாண்டி நவலே பாலம் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவை நினைவூட்ட விரும்புகிறோம். ஊருக்குப் போய்ச் சாத்தாரா வழியாகப் புனேக்குத் திரும்பும் நாம் அனைவரும் அதில் இறங்கி வருபவர்களே. 2022 நவம்பர் 20, ஞாயிறு இரவு, அந்தச் சரிவில் இறங்கிய பார வண்டி ஒன்று, பாலத்தருகே வரிசையாகப் பல வாகனங்களை மோதி நொறுக்கியது. பிரேக் பழுது என்றே முதலில் பேசப்பட்டது. பிறகு, ஓட்டுநர் சரிவில் இஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிட்டதாகப் போலீசார் தெரிவித்தனர். இஞ்சின் நின்றால் பார வண்டியின் பிரேக்குக்குக் காற்றுச் சேர்க்கும் கருவியும் நிற்கிறது. காராயின் பிரேக் பெடலுக்குத் துணை செய்யும் அமைப்பு சில மிதிகளில் ஓய்ந்துவிடுகிறது. கியரின் பிடி அற்ற வண்டியின் சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. சொட்டு டீசலை மிச்சப்படுத்தும் இந்தப் பழக்கமும், வளைவில் கிளட்சை மிதித்தபடி உருளும் பழக்கமும் ஒரு தாய் மக்களே. இரண்டிலும் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்திருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லி வந்திருப்பதும் இதைப் பற்றித்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் சொந்த இலாகாவில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. லோணாவளாவிலிருந்து கர்ஜத்துக்கு இறங்கும் போர் மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. 37 அடி சென்றால் ஓரடி இறங்கும் சரிவு அது. ஏறும் ரயில்களைப் பின்னிருந்து தள்ளக் கர்ஜத்தில் கூடுதல் இஞ்சின்கள் பூட்டப்படுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இறங்கும் ரயில் மலைச்சரிவில் குறித்த இடங்களில் நின்று, பிரேக் தன் வசம் இருக்கிறது என்று மெய்ப்பித்த பிறகே மேலே செல்லும். கட்டுமீறிய வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தத் தனித் தண்டவாளமும் அங்கே உண்டு. ஆதியில் அந்த மலையில் ஓரிடத்தில் வளைந்து திரும்ப வழியின்றி, ரயிலை நிறுத்தி, இஞ்சினை மறுமுனைக்கு மாற்றி, எதிர்த் திசையில் செலுத்தினார்கள். 1929-இல் புதிய சுரங்க வழி அமைந்தபின் அந்த நிலையம் கைவிடப்பட்டது. திரும்ப முடியாத இடத்தில் நின்று யோசித்த அந்தப் பொறியாளர்களின் நிதானத்தை, கூம்புகளுக்கு நடுவே பாயும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் கடனாகக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

இனிக் கடிதம் எழுதிய அன்னையாருக்கு. அம்மா, உங்கள் மகன் தேர்ந்தெடுத்தது தமிழருக்குப் புதிய துறையன்று. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இலேயே தோன்றியது. சோழவரத்தில் போர்க்காலத்து விமானத் தளத்தில் கார்கள் பந்தயம் ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். பந்தயங்களுள் ஆட்டோகிராஸ் சாதுவானது. வேகம் குறைவு, எதிரே வண்டி இல்லை. ஆயினும் சாதுவான பசுவும் சில வேளை உதைக்கும். ஹெல்மெட், சீட் பெல்ட் இரண்டும் இன்றி அவன் வண்டியில் ஏறலாகாது. வண்டிக்குள் தண்ணீர்ப் பாட்டில் முதல் பிள்ளையார் பொம்மை வரை கட்டப்படாத எதுவும் இருத்தல் கூடாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பின் அனுமதி பெற்று நடக்கும் போட்டிதானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்குக் காட்ட வேண்டிய செய்திகளும் உண்டு. சாதாரணக் கார் இன்சூரன்ஸ், பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. பாலிசியின் பயன்பாட்டு வரம்புகளில் இது எழுதப்பட்டிருக்கும். ஆகவே மைதானத்தில் வண்டிக்கு நேர்வது அவன் பையிலிருந்தே. தவணை கட்டியது போக மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை இருவரும் உட்கார்ந்து கணக்கிடட்டும். முதல் ஆண்டு சொந்தக் காரில் இரண்டு மூன்று போட்டிகளுக்கு மேல் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். மேலும், நள்ளிரவில் காலியான சாலையில் பழகிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னால் ஒருபோதும் இசையாதீர்கள். பொதுச் சாலையில் அனுமதியின்றி வேகப் பந்தயம் ஓடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-இல் திருத்தப்பட்டபடி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், சாலையில் இருப்பவை ரப்பர்க் கூம்புகள் அல்ல.

இந்த நிபந்தனைகளுக்கு அவன் இசைந்தால், போய் வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் இருவரும் கூடச் செல்லுங்கள். கூம்பு எடுத்து வைக்க ஆள் எப்பொழுதும் குறைவாகவே இருக்கிறார்கள். குடையும் மோரும் கொண்டு போவது நல்லது.

போட்டிக்குப் போனாலும் போகாவிட்டாலும், கிளட்சின் நிலையை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, எதிரே எவரும் இல்லாதபோது, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்சாயின் இஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து ஓடினால் தட்டு நழுவுகிறது என்று அறிக. அடிக்கடி இதைச் செய்து பார்ப்பதும் தேய்மானமே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்கியிலிருந்து இரு அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுவோம்.